கூரையில் ஓட்டை

கடன் இன்னும் பதினோரு தவணை பாக்கி.
அந்த வண்டியின் கூரையில்தான்
பத்தொன்பது மில்லிமீட்டருக்கு ஓட்டை போட
டிரில்லோடு ஏறி நிற்கிறேன்.
கீழே ஹ்ரேய்தர்,
இரண்டு கையும் தலைமேல்.
"காந்தம் போதாதா, ஸ்டெய்ன்வோர்?"

போதாது.
பாறையில் குதித்தால் காந்தம் கழன்று போகும்.

மஞ்சள் பெயின்ட்
சுருள் சுருளாய்க் கையுறையில் விழுந்தது.
விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தேன்,
வெள்ளைத் தகரம் தெரியும்வரை.
ரப்பர் வளையம், பித்தளை மரை, ஒரு முறுக்கு.
"ஒழுகினால் உன் சீட்டில்தான்" என்றான்.

பாட்டரியிலிருந்து நேரே இரண்டு வயர்,
சிவப்பிலும் ஃபியூஸ், கறுப்பிலும் ஃபியூஸ்.
தொங்கக்கூடாது, எதன்மேலும் உரசக்கூடாது.
உரசும் வயர் பொறுமைசாலி,
ஒருநாள் பார்த்துத் தீ வைக்கும்.

என்ஜினைப் போட்டேன்.
ஸ்பீக்கருக்குள் ஒரு கொசு.
ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க
அதற்குக் குரல் ஏறியது.
மூன்று ஞாயிறு அந்தக் கொசுவைத் துரத்தினேன்.
பானெட்டுக்கு ஒரு செம்புப் பின்னல்,
கதவுகளுக்கு நான்கு,
புகைக்குழாய்க்குக்கூட ஒன்று.
"வண்டிக்குச் சடை போடுகிறாயா?"
ஆமாம், பூவும் வைப்பேன், தள்ளிப் போ.

நாலாவது ஞாயிறு கொசு செத்தது.
நாலாயிரம் சுற்றுக்கு மேல் இன்னும் முனகும்.
நாலாயிரம் சுற்றுக்கு மேல் நான் பேசுவதில்லை.

*

செப்டம்பர் முடிகிறது.
இரண்டு பனிமலைகளுக்கு நடுவே
ஸ்ப்ரெங்கிசாந்துர்:
கறுப்பு மணல், மேலும் கறுப்பு மணல்.
டயரில் காற்றைப் பாதிக்கு இறக்கி
நாலு ஆறு கடந்தோம்.
ஐந்தாவதில் கரையேறும்போது
பின் அச்சு
கரும்பை ஒடித்த மாதிரி ஒரு சத்தம்.

ஆபத்து ஒன்றுமில்லை.
ரொட்டி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது,
முன்சக்கரங்களை மட்டும் ஓட்டி
விடிந்ததும் ஊர்ந்து போய்விடலாம்.
ஆனால் அவன் அக்கா ஆல்ஃப்டீஸிடம்
ஒன்பது மணிக்கு வராவிட்டால்
மீட்புப்படையைக் கூப்பிடு என்று சொல்லியிருந்தோம்.
அவள் சொன்னதைச் செய்கிறவள்.
இருபது பேர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து
இந்த இருட்டில் ஆறு தாண்டி வருவார்கள்,
ஒடிந்த ஒரு கம்பிக்காக.

மணி எட்டு பத்து.
ஃபோனில் ஒரு கோடுகூட இல்லை.
நாற்பது மீட்டர் பட்டையில் இரைச்சல்.
எண்பதில் அதுவும் இல்லை,
காதில் பஞ்சு அடைத்த மாதிரி.
வெளியே ஹ்ரேய்தர் கத்தினான்:
"வந்து பார்! வானம் பூராவும் பச்சை!"

அட, அதுதானா.

நீளக் கம்பியைக் கழற்றி
ஒன்றரை மீட்டர்க் கம்பியைத் திருகினேன்,
அதே ஓட்டையில்.
ஆறு மீட்டர் பட்டை. மைக்கை மாட்டிவிட்டு
மோர்ஸ் சாவியைத் தொடைமேல் வைத்துக்கொண்டேன்.
இந்த ஒளியில் பட்டால் பேச்சு கிழிந்துபோகும்,
புள்ளியும் கோடும் பிழைத்துக்கொள்ளும்.

தட்டினேன். தட்டினேன்.
மூன்றாம் முறை பதில் வந்தது,
ராகம் இல்லாமல், சுருதி இல்லாமல்,
யாரோ வானத்தை
உப்புத்தாளால் தேய்ப்பது போல.

ஃபாரோ தீவிலிருந்து ஹானுஸ்.
ஐந்து, ஐந்து, ஏ என்றார்.
தொனிக்கு எண் போடும் இடத்தில் ஏ:
துருவ ஒளி பட்டு வந்தது, மதிப்பெண் கிடையாது.

"வெளியே வரமாட்டாயா?
ஊதா கூடத் தெரிகிறது!"
எனக்குப் பார்க்க நேரமில்லை.
நான் அதில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நூற்றிருபது கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுக்கு
கடல் தாண்டிப் போனது சேதி:
நலம். தேடவேண்டாம். நாளை வருகிறோம்.
ஹானுஸ் ஃபோனை எடுக்கப் போனார்.
ஏழு நிமிடம்.
தேய்ப்பு மெலிந்துகொண்டே வந்தது.

பிறகு எழுத்து எழுத்தாய் அக்காவின் பதில்.
பென்சிலால் என் முழங்கால்மேல் எழுதினேன்:
சரி. மீனை நாங்களே தின்றுவிடலாமா?

ஹ்ரேய்தர் ஜன்னலில் தலையை நீட்டி
டார்ச் அடித்துப் படித்தான்.
"வேண்டாம் என்று சொல், சீக்கிரம்!"

சாவியில் கை வைப்பதற்குள்
வானம் அணைந்துவிட்டது.